எக்ஸ்பிரஸ் ரோட்டில் காளான் சூப்

எங்கள் சூப் வண்டி திருவொற்றியூரில் எக்ஸ்பிரஸ் ரோட்டின் ஓரமாக, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். வீட்டுக்காரர் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிய பிறகு ஆரம்பித்த வண்டி. சமையல் என்னுடையது, ஊற்றிக் கொடுப்பது அவருடையது. முருங்கைக்கீரை, வாழைத்தண்டு, கொள்ளு, இந்த மூன்று சூப்தான் எங்கள் சரக்கு. துறைமுகத்துக்குள் போவதற்காக வரிசையில் நிற்கும் டிரெய்லர் ஓட்டுநர்கள், கடற்கரையில் நடந்துவிட்டு வருகிறவர்கள், வேலை விட்டு வீடு திரும்பும் பெண்கள் எல்லாரும் சாயங்காலத்தில் வண்டியைச் சுற்றி நின்று ஊதி ஊதிக் குடிப்பார்கள்.

அப்படி ஒரு சாயங்காலம், அடிக்கடி வரும் டிரெய்லர் ஓட்டுநர் ஒருவர் கொள்ளு சூப்பை வாங்கிக்கொண்டே கேட்டார்.

"யக்கா, தூக்கம் வர்றதுக்கு எதுனா சூப்பு கீதா?"

"ஏன், இன்னாச்சு?"

"லைன்ல நின்னுகினு கீறப்ப கண்ணு சொக்குது. வூட்டுக்குப் போயி படுத்தா கண்ணு முழிச்சிகினு கீது. பேஜாரா கீதுக்கா."

விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனால் பக்கத்தில் நின்ற வங்கி ஊழியப் பெண், "எனக்கும் அப்படித்தாண்ணா" என்றார். கடற்கரையில் நடந்துவிட்டு வந்த பெரியவர், தான் நிம்மதியாகத் தூங்கி வருஷக்கணக்காகிறது என்றார். கையில் கப்பை வைத்திருந்த ஒவ்வொருவரும் ஆளுக்கொரு தூக்கக் கதையைச் சொல்ல ஆரம்பித்தார்கள். எனக்கும் ஒன்று இருந்தது. எங்கள் வீட்டில் நாங்கள் படுப்பது முன்னறையில். ரோட்டில் கன்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் அலமாரியில் இருக்கிற எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதிச் சிணுங்கும். அந்தச் சத்தத்தில் நான் எத்தனையோ வருஷமாகக் கோழித்தூக்கம்தான் தூங்குகிறேன்.

அன்றைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பும்போது என் மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. இத்தனை பேருக்குத் தூக்கமில்லை. நான் சூப் வைக்கிறவள். தூக்கத்துக்கு ஒரு சூப் வைக்க முடியாதா?

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "பால்ல ஜாதிக்காய் போட்டுக் குடிச்சா தூங்கப் போறாங்க. அதுக்கு இன்னாத்துக்கு சூப்பு?" என்றார்.

"பால் விக்கிறதுக்கா வண்டி வெச்சிருக்கேன்?" என்று கேட்டுவிட்டு, தம்பிக்கு போன் போட்டேன்.

என் தம்பி சரக்குக் கப்பலில் சமையல்காரன். வருஷத்தில் பெரும்பாகம் கடலிலேயே இருப்பான். அப்போது அவன் கப்பல் சீனாவில் ஒரு துறைமுகத்தில் நின்றது. அங்கிருந்து இறங்கி அவன் ஊருக்கு வருகிற சமயம். விஷயத்தைச் சொன்னதும் வீடியோவில் அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"யக்கா, இங்க அதுக்குன்னே ஒரு காளான் கீது. சூப்பு வெச்சிக் குடிக்கிறானுங்க. நான் எடுத்தாறேன் பாரு."

காளான் என்றதும் நான் வெள்ளை வெளேரென்று மொட்டுக் காளானைத்தான் நினைத்துக்கொண்டேன். அவன் வீட்டுக்கு வந்து பையைப் பிரித்துக் காகிதச் சுருளிலிருந்து எடுத்து வைத்தது வேறு ஜாதி. அரை வட்டமாக, விசிறி மாதிரி, கருஞ்சிவப்பு நிறத்தில் இருந்தது. மேலே வார்னிஷ் அடித்தது போல ஒரே பளபளப்பு. வீட்டுக்காரர் அதை விரலால் தட்டிப் பார்த்தார். டொக் டொக்கென்று சத்தம் வந்தது.

"இன்னாடா இது, பீரோ காலா?"

"காளான், மாமா."

"காளான்னா மெத்துமெத்துனு இருக்கும்டா."

"இது மரத்துல மொளைக்கிறது. சீனாக்காரன் லிங்ஜின்றான், ஜப்பான்காரன் ரெய்ஷின்றான். தூக்கத்துக்கு, ஒடம்புல எதிர்ப்பு சக்திக்கு, எல்லாத்துக்கும் இதான்றானுங்க."

கத்தியை வைத்தால் கத்தி வழுக்கியது. தேங்காய் வெட்டும் அரிவாளுக்கும் அது மசியவில்லை. கடைசியில் வீட்டுக்காரர் பரண் மேல் கிடந்த பழைய இரும்பு அறுக்கும் ரம்பத்தை எடுத்துவந்து, தொழிற்சாலையில் வேலை செய்கிற தோரணையில் கால்களை அகட்டி நின்று அறுத்தார். உள்ளே காபித்தூள் நிறம். சமையலறை முழுக்க மழையில் நனைந்த மரக்கட்டை வாசனை. இப்படியொரு பொருளை நான் அதுவரை அடுப்பில் ஏற்றியதே கிடையாது.

துண்டுகளைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிட்டோம். தண்ணீர் மெல்ல மெல்லச் சிவந்து கடைசியில் டிகாக்ஷன் போல ஆகிவிட்டது. முதல் வாய் நான்தான் குடித்தேன். என் முகம் போன போக்கைப் பார்த்துத் தம்பி சிரித்துக்கொண்டே தன் டம்ளரை எடுத்தான். குடித்த பிறகு அவன் சிரிக்கவில்லை. நிலவேம்புக் கஷாயம் இதற்கு முன்னால் பாயசம்.

நாங்கள் விடவில்லை. அந்த வாரம் பூராவும் அக்காவும் தம்பியும் சமையலறையிலேயே கிடந்தோம். சீனாவில் சிவப்பாக ஏதோ பழம் போடுவார்கள் என்றான், நாங்கள் பேரீச்சம்பழம் போட்டோம். கசப்பும் இனிப்பும் சேர்ந்து இன்னும் மோசமானது. ஆட்டெலும்பு போட்டோம், எலும்பு வீணானது. சுக்கும் பனைவெல்லமும் போட்டபோது மட்டும் ஒரு மாதிரி தொண்டையில் இறங்கியது. ஒவ்வொரு தடவையும் இந்த முறை சரியாக வந்துவிடும் என்று எனக்கு அப்படியொரு நம்பிக்கை. வண்டிக்குக் கீரை ஆய வேண்டிய நேரத்தில் அடுப்படியில் நின்றுகொண்டு டம்ளரை முகர்ந்துகொண்டிருப்பேன்.

ஒரு விஷயத்தைக் கவனித்தேன். எவ்வளவு கசந்தாலும் தம்பி தன் டம்ளரை முழுசாகக் குடித்துவிடுவான். நான் சாக்கடையில் கொட்டப் போனதைக்கூடக் கையிலிருந்து வாங்கிக் குடித்தான்.

"உனுக்கு இன்னாத்துக்குடா இவ்ளோ?" என்று கேட்டேன்.

அவன் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். "கரைக்கு வந்தா தூக்கமே வர்ல யக்கா. ரெண்டு மூணு வருசமா இப்டித்தான் கீது. பின்னாடி ரூம்ல ஒரே அமைதி. காது ஙொய்ங்குது. முகட்டப் பாத்துகினு படுத்துகினு கீறேன்."

பின்னறைதான் எங்கள் வீட்டிலேயே சத்தமில்லாத இடம். கடலில் அலைந்துவிட்டு வருகிற பிள்ளை நன்றாகத் தூங்கட்டும் என்று, அவன் வரும்போதெல்லாம் அதைத்தான் ஒழித்துக் கொடுப்போம். அவன் காலையில் எழுந்து சிரித்த முகத்தோடு காபி குடிப்பதைப் பார்த்து, நன்றாகத் தூங்கி எழுந்தான் என்றே நான் நினைத்திருக்கிறேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதோடு ஒரு வெறியும் வந்தது. ஊருக்காக ஆரம்பித்த சூப் அந்த நிமிஷத்திலிருந்து என் தம்பிக்கானதாக ஆகிவிட்டது.

வீட்டுக்காரருக்கும் அந்தக் காய்ச்சல் தொற்றிக்கொண்டது. ஒரு நாள் காலையில் பால் வாங்கப் போனவர் ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்தார். பால் பாக்கெட் ஒரு கையில், துண்டில் சுற்றிய மூட்டை ஒன்று இன்னொரு கையில்.

"இந்தா, இங்க பாரு! ரயில்வே சுவராண்ட தூங்குமூஞ்சி மரம் கீதுல்ல, அதோட அடியில மொளச்சிருக்கு. அதே கலரு, அதே பாலிஷு!"

பார்க்க அப்படியே தம்பி கொண்டுவந்ததைப் போலத்தான் இருந்தது.

"தூக்கத்துக்குக் காளான் தேடிகினு கீறோம். அது போயி தூங்குமூஞ்சி மரத்துல குந்திகினு கீது! இதுக்கு மேல இன்னா வேணும்?" என்று கேட்டு அவரே கைதட்டிச் சிரித்தார். எங்களுக்கும் சிரிப்பு தாங்கவில்லை. சீனாவுக்குப் போக வேண்டியதே இல்லை, சரக்கு நம் ஊர் மரத்தடியிலேயே இருக்கிறது என்று நாங்கள் மூன்று பேரும் சமையலறையில் குதிக்காத குறை. நான் பாத்திரத்தைக்கூட அடுப்பில் வைத்துவிட்டேன்.

தம்பிதான் கையைப் பிடித்து நிறுத்தினான். "இரு யக்கா. கப்பல்ல எனக்கு மொதல்ல கத்துக்குடுத்ததே, தெரியாத சாமான சட்டில போடாதேன்றதுதான். யாரையாச்சும் கேட்டுட்டுப் போடுவோம்."

யாரைக் கேட்பது? அரசு ஆஸ்பத்திரியில் சித்த மருத்துவப் பிரிவு இருக்கிறது. என் முழங்கால் வலிக்கு அங்கே தைலம் வாங்கியிருக்கிறேன். அங்கே இருப்பது இளம்வயது டாக்டரம்மா, தெற்குச் சீமைப் பேச்சு. கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து இரண்டு காளான்களையும் மேஜை மேல் வைத்தோம். டாக்டரம்மாவுக்கும் உற்சாகம் வந்துவிட்டது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே குடும்பமா இருக்கலாம்மா. ஆனா கண்ணால பாத்து இதுதான் அதுன்னு என்னால சொல்ல முடியாது. இந்த வகையில ஒண்ணு தென்னை மரத்தையே சாகடிக்கும், தெரியுமா? தஞ்சாவூர் வாடல் நோய்னு சொல்லுவாங்க."

வீட்டுக்காரர் துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அது போக, காளான் தான் இருக்கிற இடத்துல உள்ளதையெல்லாம் உறிஞ்சிக்கிடும். எண்ணூர்ச் சாம்பல், லாரிப் புகை, எல்லாத்தையும் சேத்துல்ல குடிச்சிருப்பீங்க? இதைத் தூரப் போட்டுருங்க, அண்ணே."

"அப்போ இது?" என்று தம்பி சீனக் காளானைக் காட்டினான்.

அதை வைத்து ஆராய்ச்சிகள் நடந்துகொண்டிருப்பதாகவும், தூக்கம் வரும் என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு இன்னும் எதுவும் உறுதியாகவில்லை என்றும் சொன்னார். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் குடிக்கவே கூடாது, சிலருக்கு ஈரலையும் பாதிக்கும் என்றார். எனக்குச் சுருக்கென்றது. வண்டிக்கு வரும் பெரியவர் சட்டைப் பையிலேயே மாத்திரை அட்டையை வைத்திருப்பார். அவர் கையில் இதைக் கொடுத்திருந்தால்?

நாங்கள் மூன்று பேரும் முகம் தொங்கிப்போய் எழுந்தோம். டாக்டரம்மா விடவில்லை.

"ஏன் இப்படி வாடிப் போறீங்க? சிப்பிக் காளான், பால் காளான் இதெல்லாம் சாப்பாட்டுக் காளான்தானே? அதுல சூப் வைங்க. ராத்திரி வயித்துக்கு லேசா இருக்கும், புரதம் இருக்கு, நார்ச்சத்து இருக்கு. சமைக்கிறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் வெயில்ல மல்லாத்தி வைங்க, வைட்டமின் டி கூடும். கண்டதையும் தின்னுட்டுப் படுக்கிறதுக்கு இது எவ்வளவோ மேல். ஆனா ஒண்ணு, சூப்னு சொல்லி வில்லுங்க. மருந்துன்னு சொல்லி விக்காதீங்க."

ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டுவதற்குள் எனக்குப் பழைய உற்சாகம் திரும்பிவிட்டது. மறுநாளே தம்பியும் நானும் மின்சார ரயிலேறி மீஞ்சூருக்குப் போனோம். அங்கே ஒரு பெண்மணி ஓலைக் கொட்டகையில் சிப்பிக் காளான் வளர்ப்பதாகக் கேள்விப்பட்டிருந்தோம். ரயில் எண்ணூரைத் தாண்டும்போது புகைபோக்கிகளைப் பார்த்து, "இதத்தான் மாமா சூப்பு வெக்கச் சொன்னாரு" என்று தம்பி என் காதில் சொன்னான். இரண்டு பேரும் வழியெல்லாம் சிரித்தோம்.

கொட்டகைக்குள் நுழைந்ததும் நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றேன். வெளியே கொளுத்தும் வெயில், உள்ளே ஈரக் குளிர்ச்சி. உத்தரத்திலிருந்து உறி கட்டித் தொங்கவிட்ட மாதிரி வைக்கோல் அடைத்த பைகள். ஒவ்வொரு பையின் ஓட்டையிலிருந்தும் சாம்பல் கலந்த வெள்ளையில் கொத்துக் கொத்தாகக் காளான். கடல் சிப்பிகளை யாரோ அடுக்கி ஒட்டிவிட்டது போல இருந்தது. "மூணு நாளைக்கு முன்னாடி இது குண்டூசித் தலையளவுதான் இருந்துச்சு" என்று அந்தப் பெண்மணி உள்ளங்கை அகலக் காளான் ஒன்றைக் காட்டினார். நான் நம்பாமல் திரும்பத் திரும்பக் கேட்டேன். ஒரு பொருள் மூன்றே நாளில் இப்படி வளருமா? கையிலெடுத்தால் காது மடல் மாதிரி குளிர்ந்து மெத்தென்று இருந்தது. கூடை நிறைய வாங்கிக்கொண்டு வந்தோம்.

மொட்டைமாடியில் தட்டுகளில் பரப்பி, காக்காய்க்குப் பயந்து பழைய கொசுவலையை மேலே போட்டு, வீட்டுக்காரரைக் குடையோடு காவலுக்கு உட்கார வைத்தேன். அப்புறம் காளானை நன்றாக அலசி, காம்புகளைத் தனியாகக் கொதிக்கவைத்து அந்தச் சாற்றை எடுத்துக்கொண்டேன். சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு, சீரகம். கெட்டிப்படுத்த மாவு எதுவும் வேண்டாம், வேகவைத்து மசித்த பாசிப்பருப்பு போதும் என்று தம்பி சொன்னான். அது அவன் கப்பலில் கற்ற கை. கடைசியில் கிழித்துப் போட்ட காளான் இதழ்கள். ஒரு கரண்டி வாயில் வைத்ததும் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வீட்டுக்காரர் மட்டும் இரண்டாவது டம்ளருக்குக் கையை நீட்டினார்.

அன்று சாயங்காலமே வண்டியில் நாலாவது பாத்திரம் ஏறியது. பலகையில் 'காளான் சூப்' என்று மட்டும்தான் எழுதினோம்.

கடையைத் திறந்த கொஞ்ச நேரத்தில் டிரெய்லர் ஓட்டுநர் வந்தார், வங்கிப் பெண் வந்தார், பெரியவர் வந்தார். கூட்டம் சேர ஆரம்பித்தது. என் கை ஓயாமல் கிளறிக்கொண்டிருந்தது. தம்பி ஒரு கப் குடித்துவிட்டு, கடலோரக் கல்லுக்கும் வண்டிக்கும் நடுவில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தான். ரோட்டில் டிரெய்லர் வரிசை நகராமல் நின்றது. எல்லா வண்டியும் எஞ்சினை அணைக்காமல் திமுதிமுவென்று உறுமிக்கொண்டிருந்தது. தரை அதிர்ந்தது. பாத்திரத்து மூடிகள் தாளம் போட்டன.

"கப்பு எடுத்துக் குடுடா" என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. திரும்பிப் பார்த்தால் நாற்காலியில் தலையைச் சாய்த்து, வாயைப் பிளந்து, குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான்.

டிரெய்லர் ஓட்டுநர்தான் முதலில் கத்தினார். "யக்கா, உன் தம்பி ஒரு கப்புதான் குடிச்சான், ஆளு அவுட்டு! எனக்கு ரெண்டு குடு!"

அவ்வளவுதான். நாலு பக்கமிருந்தும் கைகள் நீண்டன. ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். லாரிகளிலிருந்து இறங்கி வந்தார்கள். நாற்காலியில் கிடந்தவனைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்துவிட்டு நேரே வண்டிக்கு வந்தார்கள்.

"இது தூக்க மருந்து இல்லீங்க! சும்மா காளான் சூப்புதான்!" என்று தொண்டை வறளக் கத்தினேன்.

"அவனப் பாத்தாலே தெரிதே, யக்கா. நீ ஊத்து!"

பெரியவர் மட்டும் என் பக்கம் குனிந்து, "மாத்திரை சாப்புடுறேன், குடிக்கலாமா?" என்று கேட்டார். இது வீட்டில் கறி வைக்கிற காளான்தான் என்று விளக்கிச் சொன்ன பிறகு வாங்கிக் குடித்தார். கீரை சூப் மிச்சமிருக்கும்போதே காளான் பாத்திரம் காலி. இத்தனை வருஷத்தில் முருங்கைக்கீரை தோற்றது அன்றைக்குத்தான். அத்தனை அமளியிலும் என் தம்பி கண் திறக்கவில்லை. கூட்டம் கலைந்து, லாரி வரிசை நகர்ந்து, எஞ்சின் சத்தம் அடங்கியதும் சட்டென்று விழித்துக்கொண்டான்.

"இன்னா யக்கா, கப்பல் நின்னுடுச்சா?" என்றான் தூக்கக் கலக்கத்தில்.

கேட்டுவிட்டு அவனே நிமிர்ந்து உட்கார்ந்தான். என்னைப் பார்த்தான், ரோட்டைப் பார்த்தான். "யக்கா... எஞ்சின் ரூமு மேலதான் என் கேபினு. எந்நேரமும் இப்டித்தான் அதிரும்."

வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக இரண்டு அறைகளையும் மாற்றினோம். அவன் கட்டில் முன்னறைக்கு வந்தது, எங்கள் பாய் பின்னறைக்குப் போனது. மறுநாள் காலையில் வெயில் ஏறி நான் எழுந்து பார்த்தபோது, டம்ளர்கள் சிணுங்கும் அலமாரிக்கு அடியில் அவன் குப்புறப் படுத்து அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தான். வெயில் ஏறும்வரை நானும் தூங்கியிருக்கிறேன் என்பதே அப்புறம்தான் எனக்கு உறைத்தது. இத்தனை வருஷமாக ஆளுக்கொரு தப்பான அறையில் படுத்திருக்கிறோம்.

டாக்டரம்மா ஒரு நாள் வண்டிக்கு வந்து சூப் குடித்தார். நடந்ததைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "அப்போ உங்க தம்பிக்கு மருந்து லாரிதான்னு எழுதிருவோமா?" என்றார். மிச்சமிருந்த சீனக் காளானை, ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்கு வரும் மாணவர்களுக்குக் காட்டுவதற்காக வாங்கிக்கொண்டு போனார்.

டிரெய்லர் ஓட்டுநர் இப்போதும் தவறாமல் வருகிறார். சூப்பால் தூக்கம் வந்ததா என்று கேட்டேன். "அத்தச் சொல்லத் தெர்ல யக்கா. ஆனா ராத்திரில புரோட்டாவ நிறுத்திட்டேன். வயிறு லேசா கீது. படுத்தா நெஞ்சு எரியல. சோக்கா கீது" என்றார். வங்கிப் பெண்ணுக்குத் தூக்கத்தில் மாற்றம் எதுவும் இல்லை, ஆனால் சூப் மட்டும் தினமும் வேண்டும்.

தம்பி திரும்பவும் கப்பலேறிவிட்டான். போகும்போது காயவைத்த சிப்பிக் காளானை டப்பா டப்பாவாக எடுத்துப் போனான். வாராவாரம் மீஞ்சூருக்குப் போய்வருகிற நான், அந்தப் பெண்மணியிடம் கெஞ்சிக் கூத்தாடி விதை வாங்கி, வளர்க்கவும் கற்றுக்கொண்டேன். எங்கள் வீட்டில் ஈரமும் நிழலும் சேர்ந்தாற்போல் இருக்கிற ஒரே இடம் குளியலறை. வைக்கோல் பைகளை அங்கே கொடிக்கயிற்றில் தொங்கவிட்டேன். தலையில் இடிக்கிறது என்று வீட்டுக்காரர் தினமும் முணுமுணுத்துக்கொண்டேதான் குளிக்கப் போவார்.

இன்று காலை தோசைக்கல்லில் மாவை ஊற்றிக்கொண்டிருந்தேன். குளியலறைக்குள்ளிருந்து ஒரு கூச்சல்.

"இந்தா! ஓடியா, ஓடியா! மொளச்சிகினு கீது!"

கரண்டியோடு ஓடினேன். தலையெல்லாம் சோப்பு நுரையோடு, இடுப்பில் துண்டோடு, அவர் ஒரு பையின் முன்னால் குந்தியிருந்தார். ஓட்டையிலிருந்து குண்டூசித் தலைகள் மாதிரி வெள்ளையாக ஒரு கூட்டம் எட்டிப் பார்த்தது. இரண்டு பேரும் தொடப் பயந்துகொண்டு பார்த்துக்கொண்டே இருந்தோம். அடுப்பில் தோசை கருகிப்போனது.